எடைக் கணக்கு எந்த நாளில் மாறியது? கிட் வரலாற்றில் தேடிப் பிடிக்க வழி கேட்கிறேன்

சிப்புட்_நிரலர் (கேள்வி)

வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மாடிக் கடையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். மூன்று பேர் கொண்ட சின்னக் குழு, செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலை ஒன்றின் எடைப்பாலத்து மென்பொருளைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. லோரி குலையோடு ஏறும்போது ஒரு எடை, இறக்கிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பும்போது ஒரு எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, பழுக்காத குலை, நீளக் காம்பு, மண் என்று தரம் பார்ப்பவர் போடுகிற சதவீதத்தையும் கழித்து, சீட்டில் நிகர எடையை அச்சடிக்க வேண்டும். அவ்வளவுதான் அந்த நிரல்.

போன வாரம் ஒரு பெரியவர் படியேறி வந்தார். முன்பு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது சொந்தமாக ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறார். கையில் ஒரு பிஸ்கட் டின், உள்ளே மாதவாரியாக ரப்பர் போட்டுக் கட்டிய எடைச் சீட்டுகள். "தீபாவளி வரைக்கும் கணக்கு சரியா இருந்துச்சு தம்பி, அதுக்கப்புறம் பத்துப் பத்து கிலோவா எங்கேயோ போகுது" என்றார். நானும் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு சீட்டில் வெறும் லோரி போக 2,340 கிலோ, கழிவு 3 சதவீதம், ஆக 2,269.8. எடைப்பாலம் பத்துப் பத்தாகத்தான் காட்டும் என்பதால் கிட்ட உள்ள பத்துக்கு முழுமையாக்கி 2,270 என்று வர வேண்டும், பழைய சீட்டுகளில் அப்படித்தான் வந்திருக்கிறது. இந்தச் சீட்டில் 2,260 என்று இருக்கிறது. அதாவது கீழே வெட்டியிருக்கிறது. 2024 நவம்பர் 12 சீட்டு சரி, 14 சீட்டு தவறு.

டன் 800 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் அந்த நடையில் 8 ரிங்கிட். சின்னத் தொகை என்று சிலர் சொல்லலாம். ஆனால் அந்த ஆலைக்குப் பழம் போடுகிற சிறுதோட்டக்காரர்கள் எல்லாருக்கும் இத்தனை மாதமாக இப்படித்தான் போயிருக்கிறது. அது அவர்கள் வியர்வை.

நிரலைத் திருத்துவது ஒரு நிமிட வேலை, திருத்திவிட்டேன். எனக்கு வேண்டியது வேறு: இது எந்த மாற்றத்தால், எந்த நாளில் நுழைந்தது? அது தெரிந்தால்தான் எந்தச் சீட்டிலிருந்து எந்தச் சீட்டு வரை திரும்பக் கணக்குப் பாருங்கள் என்று ஆலையிடம் போய் நிற்க முடியும். நிரலில் செய்யும் மாற்றங்களை கிட் என்ற மென்பொருளில்தான் பதிந்து வைக்கிறோம், தேதி, பெயர், செய்தியோடு போடும் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட், எல்லாம் சேர்ந்த தொகுப்பு ரெப்போ.

நான் செய்து பார்த்தது (இங்கே எல்லாம் தமிழ் எழுத்தில் என்பதால் கட்டளைகளையும் அப்படியே எழுதுகிறேன், டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்):

சும்மா 'கிட் லாக்' அடித்தால் பக்கம் பக்கமாக வருகிறது, முக்கால்வாசிச் செய்தி "கெமாஸ் கினி", "கெமாஸ் கினி லாகி", "பைக்கி" (மலாயில் புதுப்பிப்பு, மறுபடி புதுப்பிப்பு, சரிசெய்தல்). எதற்காக மாற்றினார்கள் என்று ஒரு வரி இல்லை. அப்புறம் தேதி போட்டேன்:

கிட் லாக் --சின்ஸ்="2024-11-13" --அன்டில்="2024-11-14"

ஒன்றுமே வரவில்லை. கடைசியாக, ஒவ்வொரு வரியையும் யார் எப்போது மாற்றினார் என்று காட்டும் 'கிட் பிளேம்' போட்டால் அந்தக் கோப்பில் ஏறக்குறைய எல்லா வரியும், முன்னால் ஒரு ^ குறியோடு, என்னோடு வேலை செய்கிற ஒரு தங்கையின் பெயரில் ஜனவரி 9 தேதியில் வருகிறது. அவர் அந்தக் கோப்பைத் தொட்டதே இல்லை என்கிறார், நானும் நம்புகிறேன். நவம்பர் சீட்டிலேயே தவறு இருக்கிறதே, ஜனவரியில் எப்படி? ஆனால் கிட் பெயர் போட்டுக் காட்டும்போது முதலாளி நம்ப வேண்டுமே. அவர் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

எங்கே தொடங்குவது?

---

ஈப்போ_டெர்மினல்

தம்பி, முதலில் அந்தத் தங்கையிடம் போய் "உன் தவறு இல்லை" என்று சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். அந்த ^ குறி ஒன்றே போதும். பிளேம் ஒரு கமிட்டின் முன்னால் ^ போட்டால் "இதற்கு மேல் எனக்கு வரலாறு தெரியாது, இதுதான் எல்லை" என்று பொருள். இவர்தான் எழுதினார் என்று பொருள் இல்லை.

நீங்கள் ரெப்போவை இறக்கும்போது லைன் மெதுவாக இருக்கிறது என்று --டெப்த் போட்டு இறக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் தோட்டப்புறங்களில் எல்லாரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். அப்படி இறக்கினால் கடைசி சில கமிட்டுகள் மட்டும்தான் உங்கள் மெஷினில் இருக்கும். வெட்டிய இடத்தில் நிற்கிற கமிட்டுக்குத் தாய் கமிட் (அதற்கு முந்தையது) இல்லாததால், கோப்புகள் அத்தனையும் அந்த ஒரு கமிட்டில்தான் பிறந்தன என்பதுபோல் கிட் கணக்கு வைக்கும். அந்தத் தங்கையின் கமிட் தற்செயலாக அந்த எல்லையில் நின்றுவிட்டது. அவ்வளவுதான் விஷயம். நவம்பர் தேடலில் ஒன்றும் வராததற்கும் முதல் காரணம் இதுவே, நவம்பரே உங்களிடம் இல்லை.

இதை அடித்துப் பாருங்கள், 'ட்ரூ' என்று வந்தால் நான் சொன்னது சரி:

கிட் ரெவ்-பார்ஸ் --இஸ்-ஷாலோ-ரெப்பாசிட்டரி

அப்புறம் முழு வரலாற்றையும் இறக்குங்கள்:

கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ

நேரம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். இனிமேல் லைன் பிரச்சினைக்காகக் குறைத்து இறக்க வேண்டுமென்றால் --டெப்த் வேண்டாம், --ஃபில்டர்=பிளாப்:நன் போட்டு குளோன் செய்யுங்கள். அதில் கமிட்டுகள் எல்லாம் வந்துவிடும், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் மட்டும் தேவைப்படும்போது இறங்கும். யார், எப்போது, என்ன செய்தி என்று பார்ப்பதற்கு அது போதும். ஆனால் உள்ளடக்கத்துக்குள் தேடும்போது ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு இழுக்கும், அதனால் உங்கள் இப்போதைய வேலைக்கு முழுதாக இறக்குவதே நல்லது.

முழு வரலாறு வந்ததும், ரெப்போ முழுவதையும் பார்க்காமல் அந்த ஒரு கோப்பை மட்டும் கேளுங்கள்:

கிட் லாக் --ஒன்லைன் --ஃபாலோ -- மூலம்/நிகர_எடை.பிஎச்பி

அந்தத் தனி -- குறியை விடாதீர்கள், அதற்குப் பிறகு வருவது கோப்பின் பெயர் என்று கிட்டுக்கு அதுதான் சொல்கிறது. --ஃபாலோ எதற்கென்றால், கோப்புக்கு இடையில் பெயர் மாற்றியிருந்தால் அது இல்லாமல் வரலாறு அந்த இடத்தோடு நின்றுவிடும். ஒரே ஒரு கோப்புக்குத்தான் அது வேலை செய்யும், ஃபோல்டருக்குச் செய்யாது.

---

சிப்புட்_நிரலர்

அண்ணே, 'ட்ரூ' என்றுதான் வந்தது. லேப்டாப் புதிதாக வாங்கியபோது வீட்டில் --டெப்த் 200 போட்டு இறக்கியது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. தங்கையிடம் சொல்லிவிட்டேன், முதலாளியிடமும் திரையைத் திருப்பிக் காட்டிவிட்டேன். மிக்க நன்றி.

இரவு முழுக்க இறங்கியது. 'கிட் ரெவ்-லிஸ்ட் --கவுண்ட் ஹெட்' போட்டால் 4,112 கமிட். --ஃபாலோ போட்டதும் அந்தக் கோப்புக்கு முன்பு 'திம்பாங்.பிஎச்பி' என்று பெயர் இருந்தது தெரிந்தது. இப்போது பிளேம் நாலைந்து பேர் பெயரைக் காட்டுகிறது, தங்கையின் பெயர் அதில் ஒரு வரியில்கூட இல்லை.

ஆனால் நவம்பர் 13, 14க்குத் தேதி போட்டு இந்தக் கோப்பைக் கேட்டால் இன்னும் ஒன்றும் வரவில்லை. 12ஆம் தேதிச் சீட்டு சரி, 14 தவறு, நடுவில் கோப்பு மாறாமல் கணக்கு எப்படி மாறும்?

---

கிள்ளான்_கூலிம்

நான் கூலிமில் பிறந்து கிள்ளானில் வேலை செய்பவன், எடைப்பாலம் சம்பந்தப்பட்ட நிரல்களோடு பல வருடம் போராடியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் தேடலில் தேதி சம்பந்தமாக மூன்று விஷயம் ஒன்றாகச் சிக்கியிருக்கலாம்.

முதலாவது, நீங்கள் தேதியை மட்டும் கொடுத்து நேரத்தைக் கொடுக்கவில்லை. "2024-11-13" என்றால் நள்ளிரவு 12 மணி என்று நாம் நினைப்போம். கிட் அப்படி நினைக்காது, நீங்கள் கட்டளை அடிக்கிற அந்த நேரத்தை அந்தத் தேதியோடு ஒட்டிக்கொள்ளும். மாலை 4 மணிக்கு அடித்தால் 13ஆம் தேதி மாலை 4இலிருந்து 14ஆம் தேதி மாலை 4 வரை. 13 காலையில் நடந்தது எதுவும் வராது. காலையில் அடித்தால் ஒரு விடை, பசியாறிவிட்டு வந்து அடித்தால் வேறு விடை. எத்தனை பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள் தெரியுமா. எப்போதும் நேரத்தோடு எழுதுங்கள்:

கிட் லாக் --சின்ஸ்="2024-11-13 00:00" --அன்டில்="2024-11-14 23:59"

இரண்டாவது, ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு தேதி உண்டு. எழுதியவர் எழுதிய தேதி ஒன்று, ரெப்போவில் சேர்த்தவர் சேர்த்த தேதி ஒன்று. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்காகத்தான் கிட்டை எழுதினார். அங்கே ஒருவர் மாற்றத்தை எழுதி மின்னஞ்சலில் அனுப்புவார், பொறுப்பாளர் ஒருவர் அதைப் பார்த்துச் சேர்ப்பார், ஆகவே இரண்டு பேர், இரண்டு பெயர், இரண்டு தேதி. ஒருவரே ரீபேஸ் செய்தாலும் (தன் கமிட்டுகளை வேறு கமிட்டின் மேல் திரும்ப அடுக்கினாலும்) எழுதிய தேதி அப்படியே நிற்கும், சேர்த்த தேதி மட்டும் புதிதாகும். இதில் குழப்பம் என்னவென்றால் சாதாரணமாக 'கிட் லாக்' திரையில் காட்டுவது எழுதிய தேதி, --சின்ஸ், --அன்டில் இரண்டும் வடிகட்டுவது சேர்த்த தேதியை வைத்து. கண்ணுக்குத் தெரிகிற தேதி ஒன்று, தேடுகிற தேதி இன்னொன்று. --பிரிட்டி=ஃபுல்லர் போட்டால் இரண்டையும் காட்டும்.

மூன்றாவதுதான் உங்கள் விஷயத்தில் நடந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. யாரோ தனி பிராஞ்சில் (கிளையில்) அக்டோபரில் எழுதி, நவம்பர் 13இல் மெர்ஜ் செய்திருக்கலாம், அதாவது மெயின் என்ற முக்கியக் கிளையோடு இணைத்திருக்கலாம். மெர்ஜ் செய்தால் அந்தப் பழைய கமிட்டின் தேதி மாறாது, அது அக்டோபரிலேயே கிடக்கும். 13ஆம் தேதியில் இருப்பது மெர்ஜ் கமிட் மட்டும். நீங்களோ கோப்பின் பெயரையும் சேர்த்துக் கேட்கிறீர்கள். கோப்பின் பெயர் கொடுத்ததும் கிட் வரலாற்றைச் சுருக்கிக் காட்ட ஆரம்பிக்கும், மெர்ஜில் அந்தக் கோப்பு இரண்டு தாயில் ஒரு தாயிடம் இருந்தபடியே இருந்தால் அந்த மெர்ஜைக் காட்டாமல் விட்டுவிடும். ஆக அக்டோபர் கமிட் தேதி வடிகட்டியில் போயிற்று, மெர்ஜ் கமிட் சுருக்கத்தில் போயிற்று, உங்கள் திரை காலி.

மெயின் பிராஞ்சுக்கு எது எப்போது வந்து சேர்ந்தது என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கு இப்படிக் கேளுங்கள்:

கிட் லாக் --ஃபர்ஸ்ட்-பேரன்ட் --சின்ஸ்="2024-11-13 00:00" --அன்டில்="2024-11-14 23:59" -- மூலம்/நிகர_எடை.பிஎச்பி

--ஃபர்ஸ்ட்-பேரன்ட் என்றால் மெர்ஜ் கமிட்டுகளில் முதல் தாயை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் போகும். கிளைச் சாலைகளில் இறங்காது, பெரிய சாலையிலேயே போய் எந்தச் சந்திப்பில் எந்த வண்டி வந்து சேர்ந்தது என்று மட்டும் காட்டும். ஆலைக்காரர் வேலையில் எனக்கு இதுதான் அதிகம் உதவியது, ஏனென்றால் எழுதிய நாளில் எந்தப் பழக்காரருக்கும் நட்டம் வருவதில்லை, அது மெயினுக்கு வந்து ஆலையின் கணினியில் ஏறிய நாளில்தான் வருகிறது.

---

சிப்புட்_நிரலர்

அண்ணே, வந்துவிட்டது! ஒரே ஒரு மெர்ஜ் கமிட், நவம்பர் 13 புதன்கிழமை காலை 11:40. செய்தி "கெமாஸ் கினி லாப்போரான் ஸ்டோக்". இருப்பு அறிக்கை சம்பந்தமான வேலை போல.

அந்த மெர்ஜில் எத்தனை கமிட் வந்தது என்று பார்க்க இப்படி அடித்தேன், சரிதானா சொல்லுங்கள்:

கிட் லாக் --ஒன்லைன் மெர்ஜ்எண்^1..மெர்ஜ்எண்^2

17 கமிட். பதினொரு கமிட்டின் செய்தி வெறும் "கெமாஸ் கினி". பிறகு ஒரு நண்பர், ஒரு சொல்லை வைத்துக் கமிட்டைத் தேடும் -எஸ் (பெரிய எழுத்து எஸ்) போட்டுத் தேடச் சொன்னார். எங்கள் நிரலில் முழுமையாக்குவதற்கு ஒரு பொது ஃபங்ஷன் இருக்கிறது, கடைசியில் "நியர்" கொடுத்தால் கிட்ட உள்ள பத்துக்குப் போகும், "டவுன்" கொடுத்தால் கீழே வெட்டும். சீட்டுக் கணக்கில் "நியர்" இருக்க வேண்டும், இப்போது "டவுன்" இருந்தது, அதைத்தான் நான் திருத்தினேன். அதனால் -எஸ்"டவுன்" என்று இந்தக் கோப்பில் தேடினேன். 2022இல் ஒரு பழைய கமிட்டைக் காட்டுகிறது, இந்த 17இல் ஒன்றையும் காட்டவில்லை. -எஸ்"நியர்" போட்டாலும் அதே கதைதான். அப்படியானால் இந்த மெர்ஜ் இல்லையா?

---

லூனாஸ்_அக்கா

தம்பி, மெர்ஜ் இதுவேதான், சந்தேகம் வேண்டாம். நீங்கள் அடித்த ^1..^2 சரி. முதல் தாயில் இல்லாமல் இரண்டாவது தாயில் இருப்பவை என்று பொருள், அதுதான் அந்தக் கிளையில் வந்த சுமை.

-எஸ் எப்படி வேலை செய்கிறது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். அந்தச் சொல் இருக்கிற வரி மாறினால் காட்டும் என்று நினைப்பார்கள். அது பார்ப்பது எண்ணிக்கையை. ஒரு கோப்பில் அந்தச் சொல் கமிட்டுக்கு முன்பு எத்தனை முறை இருந்தது, பின்பு எத்தனை முறை இருக்கிறது, இரண்டும் வேறுபட்டால்தான் அந்தக் கமிட் வரும். முன்பு இரண்டு, பின்பும் இரண்டு என்றால் நடுவில் என்ன தலைகீழாக நடந்திருந்தாலும் -எஸ் கண்டுகொள்ளாது.

இருப்பு அறிக்கை என்று நீங்கள் சொன்னதுமே எனக்கு ஒன்று தோன்றியது. ஆலைகளில் கையிருப்பைக் கீழே வெட்டிக் கணக்கு வைப்பதுண்டு, அதிகம் காட்டிவிடக் கூடாது என்பதற்காக. ஆக அதே கோப்பில் சீட்டுக்கு "நியர்", இருப்புக்கு "டவுன்" என்று இரண்டு அழைப்பு இருந்திருக்கும். அதை ஒழுங்குபடுத்தும்போது இரண்டும் இடம் மாறிப்போயிருந்தால்? சீட்டுக்கு "டவுன்", இருப்புக்கு "நியர்". எண்ணிக்கை ஒரு பொட்டு மாறாது. -எஸ் எதைத்தான் காட்டும்?

இந்த மாதிரி இடத்தில் -ஜி போடுங்கள், பெரிய எழுத்து ஜி:

கிட் லாக் -பி -ஜி"டவுன்" மெர்ஜ்எண்^1..மெர்ஜ்எண்^2 -- மூலம்/நிகர_எடை.பிஎச்பி

இது எண்ணிக்கையைப் பார்க்காது, கூட்டிய வரியிலோ எடுத்த வரியிலோ அந்தச் சொல் இருந்தாலே காட்டும். சொல்லுக்குப் பதில் ரெகுலர் எக்ஸ்பிரஷனும் (எழுத்துக் கோலத்தை விவரிக்கும் குறியீடு) கொடுக்கலாம். -எஸ்ஸை விடக் கூடுதலாகக் கொட்டும்தான், ஆனால் நீங்கள் ஏற்கனவே 17க்குள் வந்துவிட்டீர்களே.

இன்னொரு வழியும் சொல்கிறேன், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். சீட்டுக் கணக்கு ஃபங்ஷன் இப்போது கோப்பில் எந்த வரியிலிருந்து எந்த வரி வரை என்று பார்த்து, பெரிய எழுத்து -எல் போடுங்கள்:

கிட் லாக் -எல் 48,71:மூலம்/நிகர_எடை.பிஎச்பி

அந்த 24 வரியின் கதையை மட்டும் புதியதிலிருந்து பழையது வரை மாற்றத்தோடு வரிசையாகக் காட்டும். கோப்பில் வேறு எங்கே யார் என்ன செய்தாலும் அது உங்கள் கண்ணில் படாது. அப்பா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தார், பெரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) ஒரு ஆளுடைய பேரைப் பற்றிக் கேள்வி வந்தால் முழு செக்ரோலையும் (வருகை, சம்பளப் பேரேட்டையும்) புரட்டமாட்டார், அந்த ஆளின் வரியில் விரலை வைத்து மாதம் மாதமாகப் பின்னால் போவார். -எல் போடும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும்.

---

ஈப்போ_டெர்மினல்

அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். அதில் கிடைக்காவிட்டால் கிட் பைசெக்ட் இருக்கிறது. நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று கொடுத்தால் பாதியாகப் பிரித்துப் பிரித்துக் கொண்டுபோகும். 4,112 கமிட் முழுவதிலும் தேடினால்கூட ஏறக்குறைய 12 முறை சோதித்தால் போதும், 17இல் நாலைந்து முறை. 2,340 கிலோ, 3 சதவீதம் கொடுத்தால் 2,270 வருகிறதா என்று பார்க்கிற சின்ன சோதனை ஒன்றை எழுதி 'கிட் பைசெக்ட் ரன்' என்று அதனிடம் கொடுத்துவிட்டால் தானே ஓடிக் கண்டுபிடித்துச் சொல்லும்.

---

கிள்ளான்_கூலிம்

பைசெக்ட் நல்லதுதான், ஆனால் பழைய கமிட் ஒவ்வொன்றிலும் நிரல் ஓட வேண்டும், டேட்டாபேஸ் அமைப்பும் அந்தக் காலத்தோடு ஒத்துப்போக வேண்டும். எடைப்பால நிரல்களில் இது லேசான காரியம் இல்லை, ஒரு முறை ஒரு நாள் முழுக்க இதற்கே போனது. நான் என்றால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன்.

இன்னொன்று, செய்தியை வைத்துத் தேட நினைப்பவர்களுக்கு. --கிரெப் இரண்டு மூன்று கொடுத்தால் ஏதாவது ஒன்று இருந்தாலே வரும், எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டுமென்றால் --ஆல்-மேட்ச் சேர்க்க வேண்டும். --ஆத்தர் கூடவே கொடுத்தால் இரண்டுக்கும் பொருந்துவதுதான் வரும். சின்ன எழுத்து, பெரிய எழுத்து வேறுபாடு வேண்டாமென்றால் -ஐ. "கெமாஸ் கினி" எல்லாவற்றையும் மறைத்துவிட்டு மீதியைப் பார்க்க:

கிட் லாக் --ஒன்லைன் -ஐ --கிரெப்="கெமாஸ் கினி" --இன்வர்ட்-கிரெப்

ஆனால் தம்பியின் விஷயத்தில் இதை நம்ப வேண்டாம், தேடுகிற கமிட்டே அந்தப் பெயரில் ஒளிந்திருக்கும்.

ஆளை வைத்துத் தேடும்போதும் அவசரப்பட வேண்டாம். 'கிட் ஷார்ட்லாக் -எஸ்என்இ' போட்டுப் பாருங்கள், ஒரே ஆள் ஆபீஸ் மெஷினில் ஒரு பெயர், வீட்டு லேப்டாப்பில் ஒரு பெயர் என்று மூன்று ஆளாக நிற்பார். --ஆத்தர் ஒரு பெயருக்குப் போட்டுவிட்டு "அவர் இந்தக் கோப்பைத் தொடவே இல்லை" என்று முடிவு கட்டினால் அது தவறாகிவிடும். ரெப்போவில் '.மெயில்மேப்' என்று ஒரு கோப்பு வைத்து இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள் என்று எழுதிவைத்தால் கிட் சேர்த்துக் கணக்கிடும்.

---

சிப்புட்_நிரலர்

கிடைத்துவிட்டது. லூனாஸ் அக்கா, நீங்கள் நேரில் பார்த்ததுபோல் சொல்லியிருக்கிறீர்கள்.

-எல் போட்டதும் இரண்டாவதாகவே வந்தது (முதலாவது என் திருத்தம்). எழுதிய தேதி 2024 அக்டோபர் 29, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மாலை 6:52. செய்தி "கெமாஸ் கினி". -ஜி போட்டாலும் அதே கமிட்தான். பதினொரு கோப்பில் மாற்றம், அதில் எங்கள் கோப்பில் இரண்டு ஃபங்ஷனை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், அப்படிக் கொண்டுவரும்போது "நியர்" கீழே போய் "டவுன்" மேலே வந்திருக்கிறது. கழித்தல் குறி போட்ட இரண்டு சிவப்பு வரி, கூட்டல் குறி போட்ட இரண்டு பச்சை வரி. ரொம்ப நேரம் அந்த நான்கு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதியவர் இப்போது எங்களோடு இல்லை, கோலாலம்பூருக்கு வேலை மாறிவிட்டார். கூப்பிட்டுப் பேசினேன். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் செய்தது, இடம் மாறியது தெரியவே தெரியாது என்றார். குரலே மாறிப்போயிற்று அவருக்கு. வேண்டுமென்று செய்ததில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது, இருப்பு அறிக்கையும் அந்த நாளிலிருந்து தவறாகத்தான் இருக்கிறது, யாருக்கும் அதனால் லாபம் இல்லை.

ஒரு கேள்வி மீதி இருக்கிறது. 13ஆம் தேதி காலை மெர்ஜ் ஆனது சரி, ஆலையின் கணினியில் எப்போது ஏறியது என்று கிட்டில் தெரியுமா? அப்புறம் ஆலை மேலாளரிடம் கொடுக்க ஒரு தாளில் இதை எப்படி எடுப்பது, அவர் நிரலர் இல்லை.

---

லூனாஸ்_அக்கா

கணினியில் ஏறிய நேரம் கிட்டில் இருக்காது, ஆனால் நீங்கள் வெளியீட்டுக்கு டேக் (கமிட்டுக்கு ஒட்டும் பெயர்) போடுகிற பழக்கம் இருந்தால் இந்தக் கமிட் எந்தெந்த வெளியீட்டில் இருக்கிறது என்று கேட்கலாம்:

கிட் டேக் --கன்டெய்ன்ஸ் கமிட்எண்

அதில் மிகப் பழைய டேக் எதுவோ அதை ஆலையில் என்றைக்கு ஏற்றினீர்கள் என்று உங்கள் வேலைக் குறிப்பிலோ வாட்ஸ்அப்பிலோ தேடுங்கள். அதுவும் சீட்டும் ஒத்துப்போக வேண்டும்.

தாளுக்கு இப்படி:

கிட் லாக் --ரிவர்ஸ் --டேட்=ஐஎஸ்ஓ --பிரிட்டி=ஃபார்மேட்:"%எச் | %ஏடி | %சிடி | %ஏஎன் | %எஸ்" -- மூலம்/நிகர_எடை.பிஎச்பி

எல்லாம் சின்ன எழுத்து. வரிசையாகக் கமிட் எண், எழுதிய தேதி, சேர்த்த தேதி, எழுதியவர், செய்தி. --ரிவர்ஸ் போட்டால் பழையது மேலே வரும், நிரல் தெரியாதவருக்கு மேலிருந்து கீழே படிக்கத்தான் வரும். கடைசியில் +0800 என்று நேர வலயமும் வரும், அதை வெட்டாதீர்கள், நம் நேரம்தான் என்று யாரும் கேள்வி கேட்காமல் இருக்கட்டும். மெர்ஜ் வரியை --ஃபர்ஸ்ட்-பேரன்ட் போட்டுத் தனியாக எடுத்து மேலே ஒட்டுங்கள்.

பெயர் இருக்கிற பத்தியை மட்டும் மேலாளரிடம் கொடுக்கும் தாளில் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம், %ஏஎன்னை எடுத்தால் போதும். அவருக்குத் தேவை தேதி, யார் என்பது உங்கள் அலுவலகத்துக்குள் இருக்க வேண்டியது.

---

சிப்புட்_நிரலர்

அக்கா, பெயரை எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரி.

டேக்கும் கிடைத்தது, ஆலையில் ஏற்றியது நவம்பர் 13 மாலை 6 மணிக்கு மேல், நாங்கள் எடைப்பாலத்துக் கிராணிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது. ஆக நவம்பர் 14 காலை முதல் சீட்டிலிருந்து நான் திருத்தி ஏற்றிய நாள் வரை உள்ள எல்லாச் சீட்டும் திரும்பக் கணக்குப் பார்க்கப்பட வேண்டும். ஏற்றிய எடை, வெறும் லோரி எடை, கழிவு சதவீதம் மூன்றும் டேட்டாபேஸில் அப்படியே இருக்கிறது, சீட்டு சீட்டாகக் குறைந்த கிலோவை எடுக்க ஒரு சின்ன நிரல் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை முதலாளியும் நானும் ஆலைக்குப் போகிறோம்.

நேற்று மாலை பெரியவர் டின்னோடு மறுபடி வந்தார். அந்தக் காலத்துக்குள் அவரிடம் ஒன்பது சீட்டு. மேசையில் வரிசையாக அடுக்கி, நிரல் கொடுத்த பட்டியலை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்றில் சரியாக இருக்கிறது, ஆறில் பத்துக் கிலோ குறைவு. அவர் ஏற்கனவே அந்த ஆறு சீட்டின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தார்.